கணக்கு மேசைக்கு அடியில் ஒரு சாட்சி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத்தோடு தொடங்கி, பிறகு பிரைவேட் லிமிடெட் ஆன கம்பெனிகள் ஏராளம். வேலை செய்பவர்கள் இருபது பேரோ இருநூறு பேரோ, கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றுவிட்டால் 2023 ஏப்ரல் 1 முதல் அந்தக் கம்பெனிகளை ஒரு விதி கட்டுப்படுத்துகிறது. கணக்கு எழுதும் மென்பொருள் ஒவ்வொரு பரிவர்த்தனையின் தடத்தையும் பதிய வேண்டும். கணக்கில் செய்த ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்தப் பதிவை யாரும் நிறுத்திவைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். கம்பெனிகள் (கணக்குகள்) விதிகள், 2014இன் மூன்றாம் விதியில் பின்னர் சேர்க்கப்பட்ட நிபந்தனை இது. 2021 ஏப்ரலில் வரவேண்டியது, இரண்டு முறை தள்ளிப்போய் 2023இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இதற்குத் துணையாக ஆடிட்டருக்கும் ஒரு கடமை விதிக்கப்பட்டது. அந்தத் தடம் ஆண்டு முழுவதும் இயங்கியதா, அதில் யாரேனும் கைவைத்தார்களா, சட்டம் சொல்லும் காலம்வரை அது பாதுகாக்கப்படுகிறதா என்று அவர் தன் அறிக்கையில் எழுத வேண்டும். கணக்குப் புத்தகங்களுக்கு அந்தக் காலம் எட்டு ஆண்டுகள்.

விதி வந்த பிறகான தணிக்கை அறிக்கைகளைப் படிப்பவர்களுக்கு ஒரு வாக்கியம் பழகிப்போயிருக்கும். மென்பொருளின் திரைவழியாகச் செய்யும் திருத்தங்களுக்குத் தடம் இருந்தது; தரவுத்தளத்திலேயே நேரடியாகச் செய்யும் மாற்றங்களுக்குத் தடம் இயக்கப்பட்டிருக்கவில்லை. பெரிய கம்பெனிகளின் அறிக்கைகளிலும் இந்த வாக்கியம் உண்டு. முன்வாசலில் காவல் இருக்கிறது, பின்வாசல் திறந்திருக்கிறது என்று ஆடிட்டரே கையெழுத்திட்டுச் சொல்கிறார். அதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. பதிவு எழுதும் நிரலும், பதிவு கிடக்கும் வட்டும், இரண்டையும் ஆளும் நிர்வாகிக் கடவுச்சொல்லும் ஒரே கணினியில், பெரும்பாலும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. ‘நிறுத்த முடியாத பதிவு’ என்பதை மென்பொருளால் மட்டும் சாதிக்க முயன்றால் கடைசியில் அந்த ஒருவரின் நேர்மையில்தான் வந்து நிற்கும்.

அந்த ஆளின் அதிகாரத்துக்கு வெளியே நிற்கக்கூடிய ஒரு பொருள் அதே கணினிக்குள் இருக்கிறது. 2021இல் வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத கணினியை ஏற்கவில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் முடிந்தது. அலுவலகங்கள் புதிய கணினி வாங்க வாங்க, இந்தச் சிப்பும் கேட்காமலே கூட வருகிறது. வட்டைப் பூட்டும் பிட்லாக்கருக்குச் சாவி வைத்துக்கொடுப்பதோடு அதன் வேலை பெரும்பாலான இடங்களில் முடிந்துவிடுகிறது.

டி.பி.எம். புதிய சரக்கு அல்ல. காம்பாக், எச்.பி., ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகியவை 1999இல் சேர்ந்து தொடங்கிய கூட்டணி, 2003இல் டிரஸ்டட் கம்ப்யூட்டிங் குரூப் ஆனது. அதன் 2.0 வரையறை 2014இல் வெளியானது. மறு ஆண்டு ஐ.எஸ்.ஓ. 11889 என்ற பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது. சிப்புக்குள் பிறந்த சாவியை வெளியே நகலெடுக்க முடியாதபடி வைக்கலாம். கையெழுத்துப் போடு, பூட்டியதைத் திற, இதை எழுதிவை என்று கணினி கட்டளை அனுப்பினால் சிப் செய்து கொடுக்கும். இப்படிப்பட்ட கட்டளைகள் நூற்றுக்கு மேல் உண்டு. அவற்றில் இரண்டைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. எந்தெந்தக் கட்டளைகளைத் தணிக்கைக்கு உட்படுத்துவது என்று அமைப்பது ஒன்று. அந்தத் தணிக்கையின் சாரத்தைக் கையெழுத்தோடு வாங்குவது மற்றொன்று.

சிப்பின் நினைவகம் மிகச் சிறியது. ஆகவே அது பதிவேடு வைத்துக்கொள்வதில்லை. தரவின் கைரேகை போன்ற சுருக்கமான ஒரே ஒரு ஹாஷ் எண்ணை மட்டும் வைத்துக்கொள்கிறது. தணிக்கைக்குக் குறிக்கப்பட்ட கட்டளை ஒன்று வெற்றிகரமாக நிறைவேறியதும் சிப் இரண்டு ஹாஷ்களைக் கணக்கிடும். ஒன்று கட்டளைக்கு உரியது. எந்தக் கட்டளை, எந்தச் சாவியின்மேல், என்னென்ன மதிப்புகளோடு என்பதெல்லாம் அதில் அடங்கும். மற்றது சிப் தந்த பதிலுக்கு உரியது. கையிருப்பில் உள்ள பழைய எண்ணோடு இவ்விரண்டையும் சேர்த்து மீண்டும் ஹாஷ் செய்து, வந்ததைப் புதிய எண்ணாக வைத்துக்கொள்ளும். அடுத்த கட்டளைக்கும் இதே வேலை. வரிசை ஓரிடத்தில் மாறினாலும், ஒரு கட்டளை விடுபட்டாலும், கடைசி எண் முற்றிலும் வேறாகிவிடும்.

விரிவான பதிவை வெளியே, சாதாரண வட்டில், சாதாரண மென்பொருள் எழுதுகிறது. அந்த வட்டைக் கையாள்பவர் பதிவைத் திருத்தலாம், அழிக்கலாம், சிப்புக்கு அதில் கவலை இல்லை. ஆனால் அந்தப் பதிவை முதல் வரியிலிருந்து மறுபடி ஹாஷ் செய்து பார்க்கும்போது, சிப் கையெழுத்திட்டுத் தந்த எண் வரவில்லையென்றால் பதிவு பொய். இவ்வளவுதான் ஏற்பாடு. நடந்ததை நினைவில் வைப்பது சிப்பின் வேலை அல்ல. வெளியே எழுதப்பட்டது பொய்யானால் அதைக் காட்டிக்கொடுப்பது மட்டுமே அதன் வேலை.

அமைக்கும் கட்டளையின் நுணுக்கங்கள் சுவையானவை. அது இரண்டு பட்டியல்களை ஏற்கும்: தணிக்கையில் சேர்க்க வேண்டியவை, நீக்க வேண்டியவை. எந்த ஹாஷ் முறை என்பதையும் அதே கட்டளையால் மாற்றலாம். ஆனால் முறையையும் பட்டியலையும் ஒரே தடவையில் மாற்ற சிப் விடாது. ஆலையிலிருந்து வரும்போது பட்டியலில் ஒரே ஒரு கட்டளைதான் இருக்கும்: இந்த அமைப்புக் கட்டளையே. அதை நீக்கப் பட்டியலில் போட்டு அனுப்பினாலும் நீங்காது. தணிக்கையைக் குறைத்த செயலும் தணிக்கைக்குள்ளேயே விழும். அறிக்கை கேட்கும்போது அப்போதைய பட்டியலின் ஹாஷும் சேர்ந்தே கையெழுத்தாகி வரும். ‘நிறுத்த முடியாத பதிவு’ என்று நம் விதி ஒரே சொற்றொடரில் கேட்டதை இந்த வரையறை இப்படித்தான் கையாள்கிறது. நிறுத்துவதைத் தடுக்காது, நிறுத்தியதை மறைக்க முடியாமல் செய்யும். விதியைவிட இது நேர்மையான வாக்குறுதி என்பது என் கருத்து.

எதிர்ப்புறத்தில், எந்த முயற்சி செய்தாலும் சேர்க்க முடியாத கட்டளை ஒன்று உண்டு. சிப்பை அணையத் தயார்செய்யும் கட்டளை அது. நிலையைச் சேமித்து முடித்த பிறகு தணிக்கை எண்ணும் மாறினால் சேமித்ததும் கையிலிருப்பதும் ஒத்துப்போகாது.

இதைவிட முக்கியம் அதிகாரப் பிரிவினை. பட்டியலை மாற்ற ‘உரிமையாளர்’ கடவுச்சொல் வேண்டும், அல்லது இயந்திரத்தின் ஃபர்ம்வேருக்கு உள்ள அதிகாரம் வேண்டும். கையெழுத்திட்ட அறிக்கையை வாங்க வேறொரு கடவுச்சொல் வேண்டும். அது ‘எண்டார்ஸ்மென்ட்’ என்ற தனிப் படிநிலைக்கு உரியது. எதைப் பதிவது என்று தீர்மானிப்பவரும் பதிவின் சாரத்தை வாங்குபவரும் இருவேறு ஆட்களாக இருக்க முடியும் என்று வரையறை எழுதியவர்கள் இடம் விட்டிருக்கிறார்கள். கணக்காளர் ஒருவர், ஆடிட்டர் ஒருவர் என்று ஏற்கெனவே பிரிந்திருக்கும் நம் ஊர் அலுவலகத்துக்கு இது அப்படியே பொருந்தும். நடைமுறையில் லினக்ஸ் கணினிகளில் இரண்டு கடவுச்சொற்களும் பெரும்பாலும் வெற்றாகவே விடப்படுகின்றன. விண்டோஸில் கதை வேறு. 2016இல் வந்த 1607 பதிப்பிலிருந்து அது உரிமையாளர் கடவுச்சொல்லைத் தானே நீளமாக உருவாக்கிச் சிப்பில் பதித்துவிட்டு, தன்னிடம் நகல் வைக்காமல் தூக்கி எறிந்துவிடுகிறது. அதனால் டாலி என்ற கணக்கு மென்பொருள் ஓடும் விண்டோஸ் மேசைக்கணினியில் உட்கார்ந்துகொண்டு கட்டளைத் தணிக்கையை அமைக்கலாம் என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது.

செய்யக்கூடியது இது. சிறிய லினக்ஸ் கணினி ஒன்று, மதர்போர்டில் தனிச் சிப்பாக டி.பி.எம். உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். இன்றைய கணினிகளில் பலவற்றின் டி.பி.எம். தனிச் சிப்பே அல்ல. செயலிக்குள் ஓடும் நிரல். ஒவ்வொரு நாளும் கணக்கு மூடியதும் கணக்குக் கோப்பின் ஹாஷ் இந்தக் கணினிக்குப் போக வேண்டும். சிப்புக்குள் உள்ள சாவியால் அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துக் கட்டளை தணிக்கையில் இருக்க வேண்டும். இப்போது ஒருவர் நவம்பரில் உட்கார்ந்து ஜூன் மாத வவுச்சரைத் தரவுத்தளத்தின் பின்வாசல் வழியாக மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாத ஹாஷ் பொருந்தாது. புதிய ஹாஷுக்குக் கையெழுத்து வேண்டும். சாவி சிப்பை விட்டு வராது. ஆகவே சிப்பிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் அது தணிக்கைச் சங்கிலியில் ஏறிவிடும். வெளிப்பதிவில் அதை எழுதினால் மோசடி வெளிப்படையாகத் தெரியும், எழுதாமல் விட்டால் சங்கிலி பொருந்தாது.

வேறு எந்தக் கட்டளைகளைச் சேர்ப்பது? நிறையச் சேர்த்தால் பாதுகாப்பு கூடும் என்று தோன்றுவது இயல்பு, அங்கேதான் சறுக்கல். கணினி உயிர்பெறும்போது ஃபர்ம்வேர், தான் ஏற்றும் ஒவ்வொரு நிரலின் அளவீட்டையும் பி.சி.ஆர். என்ற பதிவகங்களில் சேர்த்துக்கொண்டே போகும். அந்தக் கட்டளையைத் தணிக்கையில் போட்டால், நம் பதிவு மென்பொருள் கண்விழிக்கும் முன்பே சங்கிலி பல கண்ணிகள் நீண்டிருக்கும். பிறகு எந்த நாளும் கணக்குப் பொருந்தாது. பொருந்தாத எச்சரிக்கை தினமும் வந்தால் ஆடிட்டர் பார்ப்பதையே விட்டுவிடுவார். பூட்டிய இரகசியத்தைத் திறக்கும் கட்டளையில் வேறொரு சிக்கல். அதற்குச் சிப் தரும் பதிலே இரகசியம்தான். பதிலை அப்படியே பதிவேட்டில் எழுதிவைத்தால் பாதுகாக்க நினைத்ததைத் திறந்து போட்டதாகிவிடும். அங்கே ஹாஷை மட்டுமே எழுத வேண்டும். கையெழுத்து, சாவியை நிரந்தரமாக வைப்பதும் எடுப்பதும், கடவுச்சொல் மாற்றம், சிப்பைத் துடைத்துப் புதிதாக்குதல்: ஒரு கணக்கு அலுவலகத்துக்கு இவை போதும். லினக்ஸும் இந்தப் பதிவைத் தானாக எழுதித் தராது. கையெழுத்து வாங்கும் நிரலே எழுதும்படி செய்துகொள்ள வேண்டும்.

இனி மின்வெட்டு. தொழிற்பேட்டையில் இதை விட்டுவிட்டுப் பேச முடியாது. சிப்பின் தணிக்கை எண், நிலையைச் சேமிக்காமல் மின்சாரம் போனால் அழிந்துவிடும். அன்று காலை முதல் சேர்ந்த சங்கிலி அவ்வளவுதான். முறையாக அணைத்தாலும் சாதாரண லினக்ஸ் கணினி நிலையைச் சேமிக்கச் சொல்லாமல்தான் அணையும். அப்படியானால் அகப்பட்டுக்கொள்ள விரும்பாதவர் கள்ளக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு பிளக்கைப் பிடுங்கிவிட்டால்? இதற்கும் விடை இருக்கிறது, ஆனால் முழு விடை அல்ல. சிப்பில் ஒரு தணிக்கை எண்ணி உண்டு. சங்கிலி காலியாக இருக்கும்போது முதல் கட்டளை வந்து சேர்ந்தால் அது ஒன்று கூடும். மின்சாரம் போனாலும் அழியாது. அறிக்கையைக் கையெழுத்தோடு வாங்கினால் சங்கிலி காலியாகும். அடுத்த கட்டளையில் எண்ணி மறுபடி கூடும். ஆகவே அறிக்கைகள் 41, 42, 43 என்று அடுத்தடுத்து வர வேண்டும். 43க்குப் பிறகு 45 வந்தால், அச்சிட்ட வரிசை எண் கொண்ட பில் புத்தகத்தில் ஒரு தாள் கிழிந்திருப்பதைப்போல, இடையில் ஒரு காலம் கையெழுத்தாகாமலே போயிருக்கிறது. அதில் என்ன இருந்தது என்று சிப்பால் சொல்ல முடியாது. அந்த இடைவெளிக்கு யு.பி.எஸ். பதிவிலோ மின்வாரியத்தின் அறிவிப்பிலோ காரணம் காட்டுவது கம்பெனியின் பொறுப்பு. தினமும் அணைக்கும் முன் அறிக்கை வாங்கிவிட்டால் இடைவெளிகள் அரிதாகும். அரிதானால்தான் விசாரிக்கத் தோன்றும்.

இதே கேள்விக்கு வேறு மாதிரி பதில் சொன்ன கருவியும் உண்டு. யூபிகோ நிறுவனத்தின் யூபிஹெச்எஸ்எம் 2, யு.எஸ்.பி. துளையில் செருகும் நகக்கண் அளவுப் பெட்டி. அது பதிவையே தனக்குள் வைத்துக்கொள்கிறது, ஆனால் 62 வரிகள் மட்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியோடு ஹாஷால் பிணைந்திருக்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் தணிக்கை வேண்டாம், வேண்டும், நிலையாக வேண்டும் என்று மூன்று அமைப்புகள் உண்டு. மூன்றாவதை ஒருமுறை தேர்ந்துவிட்டால் பெட்டியை முழுவதும் துடைத்து ஆலை நிலைக்குக் கொண்டுபோகாமல் திரும்ப மாற்ற முடியாது. துடைத்தால் சாவிகளும் போய்விடும். கட்டாயத் தணிக்கை என்று இன்னோர் அமைப்பு உண்டு. அதை இயக்கினால், 62 வரிகள் நிரம்பியபின் யாராவது பதிவைப் படித்து எடுத்துக்கொண்டேன் என்று சொல்லும்வரை தணிக்கைக்குரிய கட்டளை எதையும் பெட்டி செய்யாது. மாதக் கடைசியில், லாரி வாசலில் நிற்க, பில்லுக்குக் கையெழுத்து வராமல் கிடக்கும் காட்சியை யார் வேண்டுமானாலும் கற்பனை செய்துகொள்ளலாம். அதனால் அதை இயக்கத் தயங்குவது இயல்பு. இயக்கினால், வரிகள் நிரம்பியபின் பதிவாகாமல் போன உள்நுழைவுகள் எத்தனை, மறுதொடக்கங்கள் எத்தனை என்றும் அது எண்ணிச் சொல்லும். வேலை நின்றாலும் பதிவு போகக்கூடாது என்பது ஒரு தேர்வு. பதிவு போனாலும் போனது தெரியவேண்டும் என்பது மற்றொரு தேர்வு. அம்பத்தூரின் சிறு தொழிலுக்கு இரண்டாவதே தாங்கும் என்று நினைக்கிறேன். வங்கிக்கும் சான்றிதழ் வழங்கும் அமைப்புக்கும் முதலாவது.

சிப் சொல்லாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். தோற்றுப்போன கட்டளை சங்கிலியில் ஏறாது. தவறான கடவுச்சொல்லால் தட்டிப் பார்த்தவரின் சுவடு இதில் இராது. யார் கேட்டார் என்பதும் இராது. கட்டளையும் சாவியும்தான் ஹாஷில் உண்டு, ஆள் இல்லை. கடிகாரமும் நம் கடிகாரம் அல்ல. மில்லிநொடிகளை எண்ணும் ஓர் எண்ணி மட்டுமே அறிக்கையில் வரும். தேதியை உறுதிப்படுத்த, ஆடிட்டர் அன்றுதான் தெரிந்திருக்கக்கூடிய ஓர் எண்ணைக் கொடுத்து அதையும் சேர்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். பழைய அறிக்கையைப் புதிது என்று நீட்டும் வித்தையும் அதனால் அடைபடும். சிப்பே பிழைபட்ட கதையும் உண்டு. 2017 அக்டோபரில் வெளிவந்த ரோகா என்ற குறைபாடு, இன்ஃபினியான் சிப்புகள் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. சாவிகளைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வழிகாட்டியது. அப்படிப்பட்ட சாவியின் கையெழுத்துக்குச் சங்கிலி எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் மதிப்பில்லை.

அதே அம்பத்தூரில் இன்று பட்டறைகளுக்கு நடுவே டேட்டா சென்டர்கள் எழும்பியிருக்கின்றன. டிஜிட்டல் கனெக்ஷன் 2024 ஜனவரியில் 20 மெகாவாட் மையத்தைத் திறந்தது; என்.டி.டி.யின் வளாகமும் இங்கே உண்டு. கணக்கை அங்கே ஒரு கிளவுட் கணினியில் வைத்தால் அந்தக் கணினிக்கும் டி.பி.எம். கிடைக்கும். ஆனால் அது மெய்நிகர் டி.பி.எம்.; கிளவுட் நடத்துபவரின் மென்பொருள். கம்பெனியின் ஊழியருக்கு எதிரான சாட்சியாக அது போதும். கிளவுட் நடத்துபவருக்கு எதிராக அவருடைய நிரலையே சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. கிளவுட், டேட்டா சென்டர் நிறுவனங்கள் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டது. எத்தனை நாள் என்று சொன்னதே தவிர, அந்த நாட்களில் அவை மாறாமல் இருந்தன என்பதை எப்படி நிறுவுவது என்பதை அது வகுக்கவில்லை.

சச்சரவு முற்றினால் புகார் ஆவடிக்குப் போகும். அம்பத்தூரையும் பூந்தமல்லியையும் தன் எல்லைக்குள் கொண்ட ஆவடி மாநகர காவல் ஆணையரகம் 2022 ஜனவரி 1 முதல் இயங்குகிறது. வழக்கு பூந்தமல்லிக்குப் போகலாம். பூந்தமல்லி நீதிமன்றம் என்றால் ராஜீவ் காந்தி கொலை வழக்கின் 1998 தீர்ப்புதான் பலருக்கு நினைவு வரும்; அங்கே அன்றாடம் நடப்பவை காசோலை, பாகப்பிரிவினை, நம்பிக்கை மோசடி. அப்படி ஒரு வழக்கில் கணினிப் பதிவைச் சாட்சியமாக வைக்க, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு சொல்லும் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி கேட்காத ஒன்றை இதன் படிவம் கேட்கிறது: பதிவின் ஹாஷ் மதிப்பும், எந்த முறையில் எடுத்தது என்பதும். முதல் பகுதியைத் தரப்பினரும் இரண்டாம் பகுதியை ஒரு நிபுணரும் நிரப்புகிறார்கள். கருவியின் நிறத்தைக்கூடப் படிவம் விடாமல் கேட்கிறது.

அந்த ஹாஷ், பதிவை ஒப்படைக்கும் நாளில் எடுக்கப்படுவது. அன்றிலிருந்து தீர்ப்புவரை பதிவு மாறவில்லை என்பதற்கு அது நல்ல காப்பு. ஆனால் நம்பிக்கை மோசடி வழக்கில் தகராறு அதற்கு முந்தைய காலத்தைப் பற்றியது: வவுச்சர் போட்ட ஜூனிலிருந்து புகார் கொடுத்த நவம்பர்வரை. அந்த ஐந்து மாதத்தைப் பற்றிப் படிவத்தில் எந்தக் கட்டமும் இல்லை. தினசரி அறிக்கைகள் சிப்பின் கையெழுத்தோடு, வரிசை எண் முறியாமல், கம்பெனிக்கு வெளியே ஆடிட்டரின் மின்னஞ்சல் பெட்டியில் கிடந்தால் இரண்டாம் பகுதியை எழுதும் நிபுணருக்கு அந்த ஐந்து மாதத்தைப் பற்றியும் எழுத ஏதாவது இருக்கும்.

இதற்கு வேண்டிய கருவிகள் புதிதாகப் பிறக்க வேண்டியதில்லை. டி.பி.எம்.2 டூல்ஸ் என்ற திறந்தமூல மென்பொருளில் பட்டியலை அமைக்கவும் அறிக்கை வாங்கவும் தனித்தனிக் கட்டளைகள் ஏற்கெனவே இருக்கின்றன. குறிப்பிட்ட சிப் அவற்றை ஆதரிக்கிறதா என்பதைச் சிப்பிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மீதி இருப்பது யார் கையில் எது என்ற ஏற்பாடு. உரிமையாளர் கடவுச்சொல் கம்பெனியின் இயக்குநரிடம் இருக்கட்டும், எண்டார்ஸ்மென்ட் கடவுச்சொல்லை ஆடிட்டர் தானே தட்டச்சு செய்து வைக்கட்டும், கணினியை நிறுவிக்கொடுத்த வெண்டரிடம் இரண்டில் எதுவும் இருக்க வேண்டாம். பொருத்த வரும் அன்றே இதைச் செய்துவிடுவது எளிது. ஒரு வருடம் கழித்துச் செய்யப்போனால் வெற்றுக் கடவுச்சொல்லோடு கழிந்த அந்த ஒரு வருடத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.